சோல் ஃபுட் கடைக்கு முதல் தடவை போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

அட்லாண்டாவில் நாங்கள் இருக்கும் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அதில் யாராவது சோல் ஃபுட் கடைக்குக் கிளம்பினால் முந்தின நாளே எனக்கு வாட்ஸ்அப்பில் கேள்வி வந்துவிடும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் கேள்விகள் இரண்டு மடங்கு. ஒரே பதிலை எத்தனை பேருக்குத் தட்டுவது? கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்துவிட்டேன்.

சோல் ஃபுட்னா என்னங்க? கேஎஃப்சி மாதிரி சிக்கன் கடையா?

சிக்கன் இருக்கும், ஆனால் சிக்கன் கடை இல்லை. அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்கள் வீட்டில் சமைத்து வந்த சாப்பாடு இது. பொரித்த கோழி, பொரித்த மீன், குழம்பில் வெந்த கறி, கீரை, காராமணி, வெண்டைக்காய், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, மக்காச்சோள மாவில் சுட்ட கார்ன்பிரெட், கடைசியில் ஒரு இனிப்பு. சோல் ஃபுட் என்ற பெயர் பரவலானது 1960களில். சாப்பாடு அதைவிட ரொம்பப் பழசு.

1910க்கும் 1970க்கும் இடையில் சுமார் 60 லட்சம் கறுப்பினத்தவர் தெற்கை விட்டு வடக்கேயும் மேற்கேயும் குடிபெயர்ந்தார்கள். கூடவே சமையலும் போனது. அதனால் சிகாகோ, டெட்ராய்ட் பக்கம் இருப்பவர்களுக்கும் இந்தத் தொகுப்பு பயன்படும். நியூயார்க்கின் ஹார்லெமில் இருக்கும் பேர்போன சில்வியாஸ் 1962இல் ஆரம்பித்த கடைதான்.

"சதர்ன் ஃபுட்"னு வேற ஒரு போர்டு பார்த்தேனே, ரெண்டும் ஒண்ணுதானே?

பண்டங்களைப் பார்த்தால் முக்கால்வாசி ஒன்றுதான். தெற்கில் வசதியான வெள்ளையர் வீடுகளிலும் அடுப்பில் நின்றவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள் என்பதால் இரண்டையும் கோடு போட்டுப் பிரிக்க முடியாது. சோல் ஃபுட்டில் கை கொஞ்சம் தாராளம்: உப்பு, மிளகு, சர்க்கரை, குழம்பு எல்லாமே ஒரு பிடி கூட. வெள்ளை மேஜைவிரிப்பும் பூச்சாடியுமாக இருக்கும் இடத்தில் சதர்ன் என்று போர்டு இருக்கும். தட்டு நிறைந்து வழிகிற கடை சோல் ஃபுட். இது என் சொந்த அளவுகோல், சண்டைக்கு வரவேண்டாம்.

லூசியானாவின் கேஜன், கிரியோல் சமையல்கள் தனி வகை. பார்பெக்யூவும் தனி.

உள்ளே போனதும் என்ன பண்ணணும்? "மீட் அண்ட் த்ரீ"ன்னு எழுதியிருக்கே?

ஒரு கறி, மூன்று சைடு. அவ்வளவுதான் கணக்கு. சில கடைகளில் மீட் அண்ட் டூ. கறி வரிசையிலிருந்து ஒன்று, காய்கறி வரிசையிலிருந்து இரண்டோ மூன்றோ சொன்னால் கூடவே கார்ன்பிரெட்டோ ஒரு ரோலோ வந்துவிடும். பெரும்பாலும் ஒரு தட்டு 15 முதல் 25 டாலருக்குள் முடியும். மாட்டு வால் போன்றவை அதற்கு மேலும் போகும்.

சில இடங்களில் மேஜையில் உட்கார்ந்தால் வந்து கேட்பார்கள். சில இடங்களில் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நகரவேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கரண்டியோடு ஒரு அம்மா நிற்பார். அவர் முன்னால் போய் நின்றுகொண்டு "அது என்ன, இது என்ன" என்று ஒவ்வொன்றாக விசாரித்தால் பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். பலகையைப் படித்து முடிவு பண்ணிவிட்டு வரிசையில் சேருங்கள். பலகை கிழமைக்குக் கிழமை மாறும், தீர்ந்துபோனதை அடித்துவிடுவார்கள். "ஸ்மதர்ட்" என்று இருந்தால், வெங்காயம் போட்ட கெட்டியான பழுப்புக் குழம்பில் மூழ்கடித்தது என்று புரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. பரிமாறுகிறவர் உங்களை "பேபி", "ஹனி" என்று கூப்பிடுவார். எழுபது வயது அப்பாவையும் அப்படித்தான் கூப்பிடுவார், அப்பா நெளிவார். அது அங்கே சாதாரண மரியாதை. பதிலுக்கு நீங்கள் மேம், சார் சேர்த்துப் பேசினால் முகம் மலரும்.

"ஒயிட்டா, டார்க்கா"ன்னு கேட்டாங்க. முழிச்சேன்.

கோழியில் எந்தப் பகுதி என்று கேட்கிறார்கள். ஒயிட் என்றால் நெஞ்சுக்கறியும் இறக்கையும். டார்க் என்றால் தொடையும் காலும். டார்க் வாங்குங்கள், சாறு வற்றாமல் இருக்கும், பல கடைகளில் விலையும் குறைவு. நல்ல கடையில் கோழியை ஆர்டர் வந்த பிறகுதான் எண்ணெயில் போடுவார்கள், இருபது நிமிடம் ஆகலாம். சீக்கிரம் வரவில்லையே என்று கவலைப்படவேண்டாம், சீக்கிரம் வந்தால்தான் கவலைப்படவேண்டும்.

முதல் தடவை போறேன். எதை வாங்கினா ஏமாற மாட்டேன்?

அசைவம் சாப்பிடுபவர் என்றால்: பொரித்த கோழி டார்க், காலர்ட் கீரை, காராமணி, கேண்டிட் யாம். இந்த யாம் என்பது நம் சேனையோ கருணையோ இல்லை, வெண்ணெயும் சர்க்கரையும் பட்டையும் போட்டு வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு. இனிப்பு என்று தெரிந்துகொண்டே வாங்குங்கள். மீன் பிடிக்கும் என்றால் சோளமாவில் புரட்டிப் பொரித்த கேட்ஃபிஷ், அதாவது கெளுத்தி. வெள்ளிக்கிழமை பல கடைகளில் மீன் நாள்.

எல்லோரும் கோழியைப் பற்றியே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் ஒரு சோல் ஃபுட் கடையின் தரம் தெரிவது சைடுகளில்தான். கோழியைச் சுமாராகப் பொரிக்க யாராலும் முடியும். காலர்ட் என்பது முட்டைக்கோஸ் குடும்பத்தைச் சேர்ந்த தடித்த இலை. அதைக் கசப்பு போகும்வரை, கரைந்தும் போகாமல், மணிக்கணக்கில் நின்று வேகவைக்கப் பொறுமை வேண்டும். கீரை நன்றாக இருந்தால் அந்தக் கடையில் கண்ணை மூடிக்கொண்டு எதையும் வாங்கலாம்.

நான் சைவம். கீரை, பயறு, காய் எல்லாம் இருக்கே, தாராளமா போகலாம்தானே?

இதுதான் எனக்கு அதிகம் வரும் கேள்வி. பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. கீரைச் சட்டியில் கறி இருக்கும். புகைபோட்ட பன்றிக் கணுக்காலையோ கழுத்து எலும்பையோ முதலில் கொதிக்கவிட்டு, அந்தச் சாற்றில்தான் காலர்ட் வேகும். காராமணி, பச்சை பீன்ஸ், முட்டைக்கோஸ் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் இதே முறை. பரிமாறும்போது கறித்துண்டு கண்ணில் படாது. "மீட் இருக்கா?" என்று மட்டும் கேட்டால் "இல்லை" என்று நல்ல மனசோடு சொல்லிவிடுவார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அது கறி இல்லை, தாளிப்பு. "பன்றியோ வான்கோழியோ சிக்கன் ஸ்டாக்கோ போட்டு வேகவைத்ததா?" என்று பிரித்துக் கேளுங்கள்.

ஓரளவு தேறுவது: மேக் அண்ட் சீஸ், அதாவது சீஸோடு செய்த மேக்கரோனி (முட்டை சேர்ப்பவர்கள் உண்டு, சீஸில் பாலை உறையவைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் இருக்கலாம்), கேண்டிட் யாம், கோல்ஸ்லா, உருளைக்கிழங்கு சாலட் (முட்டை உண்டு). பொரித்த வெண்டைக்காயும் பொரித்த பச்சைத் தக்காளியும் பார்க்க அப்பாவியாக இருக்கும், ஆனால் கோழியும் மீனும் பொரித்த அதே எண்ணெயாக இருக்கலாம். கார்ன்பிரெட்டில் சில சமையல்காரர்கள் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள். கண்டிப்பான சைவக்காரர் என்றால் சாதாரணக் கடைக்குப் போய்த் தவிப்பதைவிட பால், முட்டைகூட சேர்க்காத வீகன் சோல் ஃபுட் கடையைத் தேடுவது மேல். அட்லாண்டாவில் வெஸ்ட் எண்ட் பகுதியில் வீகன் உணவை மதநெறியாகக் கொண்ட ஆப்பிரிக்க ஹீப்ரு இஸ்ரவேலர் என்ற கறுப்பினச் சமூகத்தார் தொடங்கிய சோல் வெஜிடேரியன் அப்படிப்பட்டது. கறியே தொடாமல் இந்தச் சுவையைக் கொண்டுவருவதில் அவர்களுக்குப் பல வருடப் பழக்கம்.

பன்றி மட்டும் வேண்டாம். மாடும் சாப்பிட மாட்டோம். ஹலாலும் பார்ப்போம். எங்களுக்கு என்ன வழி?

பன்றி மட்டும் பிரச்சினை என்றால் சுலபம். இப்போது பல கடைகள் கீரையில் பன்றிக்குப் பதில் புகைபோட்ட வான்கோழி போடுகின்றன, பெருமையாகப் பலகையிலேயே எழுதியும் வைப்பார்கள். மாடு தவிர்ப்பவர்கள் ஆக்ஸ்டெயில் என்ற பெயரைக் கவனியுங்கள், அது மாட்டு வால். மீட்லோஃப், பாட் ரோஸ்ட் இரண்டும் பெரும்பாலும் மாட்டிறைச்சி. நெக்போன்ஸ் என்றால் அனேகமாகப் பன்றிக் கழுத்தெலும்பு.

ஹலால் என்று கடை எழுதிப் போட்டிருந்தாலொழிய இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கறுப்பின முஸ்லிம்கள் நடத்தும் உணவகங்களும் பேக்கரிகளும் இந்த நாட்டில் உண்டு. நேவி பீன் என்ற சின்ன வெள்ளைப் பயறை அரைத்துச் செய்யும் பீன் பை (பை என்றால் மாவுக்கூட்டில் பூரணம் வைத்துச் சுட்டது) அவர்கள் வழி பிரபலமான இனிப்பு. எங்கே பார்த்தாலும் ஒரு துண்டு வாங்கிவிடுங்கள், பயறு என்று யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

கீரை வெந்த தண்ணியை ஒரு கிண்ணத்துல தனியா வெச்சாங்க. குடிக்கணுமா?

குடிக்கலாம், கார்ன்பிரெட்டைத் தொட்டும் சாப்பிடலாம். பாட் லிக்கர் என்று பெயர், மதுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மணிக்கணக்கில் வெந்த கீரையின் சத்தில் ஒரு பகுதி அங்கேதான் இறங்கியிருக்கும். முதலில் சொன்ன கறிச்சாறும் அதிலேதான், சைவக்காரர்கள் கவனம்.

கார்ன்பிரெட்டை அதில் முக்கித் தின்பதா, உதிர்த்துப் போட்டுத் தின்பதா என்று 1931இல் லூசியானா கவர்னர் ஹியூய் லாங்குக்கும் அட்லாண்டா கான்ஸ்டிடியூஷன் பத்திரிகைக்கும் பெரிய வாக்குவாதம் நடந்தது. லாங் முக்குகிற கட்சி, பத்திரிகை உதிர்க்கிற கட்சி. வாரக்கணக்கில் நாடே வேடிக்கை பார்த்தது. எனக்கு உதிர்த்துப் பிசைந்து சாப்பிடத்தான் வருகிறது, காரணம் உங்களுக்கே தெரியும்.

காரமே இல்லையே! எப்படிச் சாப்பிடறது?

மேஜையைப் பாருங்கள். ஹாட் சாஸ் புட்டி இருக்கும், வினிகர் தூக்கலாக இருக்கும் லூசியானா வகை. அதன் பக்கத்தில் சின்னப் பச்சை மிளகாய்கள் வினிகரில் ஊறுகிற இன்னொரு புட்டி இருந்தால் அது கீரைக்கு. நாலு சொட்டு விட்டுப் பாருங்கள், கீரை எழுந்து உட்காரும். பொரித்த கோழிக்கும் மீனுக்கும் ஹாட் சாஸ். இதற்கு மேல் காரம் வேண்டும் என்றால் அது நாஷ்வில் நகரத்தின் ஹாட் சிக்கன், வேறு கடை, வேறு வகை.

கைப்பையிலிருந்து ஊறுகாய்ப் பாட்டிலை எடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் அன்றைக்கு ஒருநாள் விட்டுவிடலாமே.

கிரிட்ஸ் வெள்ளையா கூழ் மாதிரி வந்துச்சு. சர்க்கரை போடலாமா?

கிரிட்ஸ் சோளக்குருணையில் காய்ச்சிய கூழ்தான். வெண்ணெய், உப்பு, மிளகு, கொஞ்சம் சீஸ் போட்டுச் சாப்பிடுவது ஒரு வழக்கம். சர்க்கரை போடுவது இன்னொரு வழக்கம். ஒரே குடும்பத்துக்குள்ளேயே இது தீராத தகராறு. எதையும் போடலாம், ஆனால் முதல் ஸ்பூனை எதுவும் போடாமல் சாப்பிட்டுப் பாருங்கள், சில கடைகளில் அடுப்பிலேயே உப்பும் சீஸும் சேர்த்திருப்பார்கள். கிரிட்ஸ் காலைச் சாப்பாடு. மீனோடு மத்தியானத்திலும் வரும்.

மேக் அண்ட் சீஸைக் காய்கறி லிஸ்ட்ல போட்டிருக்காங்களே, அச்சுப் பிழையா?

பிழை இல்லை. கறி அல்லாத எல்லாமே காய்கறி, அதுதான் அங்கே நியாயம். வாதாடாமல் வாங்குங்கள். டப்பாவில் வரும் மஞ்சள் பொடி இல்லை இது. ஓவனில் மேல்புறம் சிவக்கச் சுட்டிருப்பார்கள். ஓரத்துத் துண்டு கேட்டு வாங்குவது விவரமானவர்கள் செய்யும் வேலை.

காராமணியும் வெண்டைக்காயும் அவங்களுக்கு எங்கிருந்து கிடைச்சுது? நம்ம ஊர்க் காய் ஆச்சே?

காராமணி முதலில் பயிரானதே ஆப்பிரிக்காவில். அங்கிருந்து ஒரு பக்கம் இந்தியாவுக்கும், வெகுகாலம் கழித்து அடிமை வியாபாரத்தோடு அமெரிக்காவுக்கும் போனது. வெண்டைக்காயும் ஆப்பிரிக்காவிலிருந்துதான் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. மக்காச்சோளமும் சர்க்கரைவள்ளியும் அமெரிக்க மண்ணுடையவை. தெற்கு கரோலினா, ஜார்ஜியா கடற்கரையில் நெல் விளைந்ததற்கு மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் நாடுகளிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களின் உழைப்பும் அறிவும் பெரிய காரணம். அவர்கள் வழிவந்த கல்லா கீச்சி மக்களின் சிவப்புச் சோறு, தக்காளியில் வெந்த சோறு, எங்காவது பலகையில் தென்பட்டால் விடாதீர்கள்.

ஜனவரி 1 அன்று காராமணியும் காலர்ட் கீரையும் சாப்பிட்டால் வருஷம் முழுக்கப் பணம் வரும் என்பது தெற்கில் நம்பிக்கை. பயறு சில்லறை, கீரை நோட்டு. அன்றைக்குத் திறந்திருக்கும் கடைகளில் கூட்டம் தாங்காது.

அடிமைகளுக்கு எஜமான் தூக்கிப் போட்ட மிச்சம்தான் இந்தச் சாப்பாடுன்னு ஒரு வீடியோவில சொன்னாங்க. உண்மையா?

பாதிகூட இல்லை. அடிமைகளுக்கு வாரப்படியாகக் கிடைத்தது சோளமாவும் உப்பிட்ட பன்றிக்கறியும், சில இடங்களில் வெல்லப்பாகும். குடல், கால், கழுத்து போன்றவை அவர்கள் பங்குக்கு வந்ததும் உண்மை. சிட்லின்ஸ் என்று பலகையில் இருப்பது பன்றிக்குடல். சுத்தம் செய்வதே ஒருநாள் வேலை, குடல் சாப்பிட்டுப் பழகியவர்கள் தைரியமாக முயலலாம். ஆனால் அதோடு கதை முடியவில்லை. வேலை முடிந்த இருட்டில் சின்னத் தோட்டம் போட்டார்கள், மீன் பிடித்தார்கள், கோழி வளர்த்து விற்றார்கள். நீங்கள் தட்டில் பார்க்கும் பொரித்த கோழி, மேக் அண்ட் சீஸ், கேக் எல்லாம் அன்றாடச் சாப்பாடு அல்ல, ஞாயிற்றுக்கிழமைக்கும் விசேஷத்துக்கும் செய்தவை.

சமையல்காரர்களின் தொழில்திறனையும் அந்த மிச்சக் கதை மறைத்துவிடுகிறது. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தாமஸ் ஜெஃபர்சன் தன் அடிமையான ஜேம்ஸ் ஹெமிங்ஸை 1784இல் பாரிசுக்கு அழைத்துப்போய்ப் பிரெஞ்சுச் சமையல் படிக்கவைத்தார். ஹெமிங்ஸ் விடுதலை பெற்றது 1796இல். உள்நாட்டுப் போருக்குப் பிறகு வர்ஜீனியாவின் கார்டன்ஸ்வில் ரயில் நிலையத்தில் கறுப்பினப் பெண்கள் பொரித்த கோழியைத் தட்டில் ஏந்தி ஜன்னல் வழியாக விற்று வீடு வாசல் வாங்கினார்கள். 1955இல் அலபாமாவின் மாண்ட்கோமரியில், பேருந்துகளில் கறுப்பினத்தவரை ஒதுக்கி உட்காரவைப்பதை எதிர்த்துப் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியபோது ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண்மணி சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு சாண்ட்விச்சும் கேக்கும் விற்றுப் போராட்டத்துக்குப் பணம் கொடுத்தார். வேலை போய்விடுமோ என்று பயந்தவர்களைக் காக்கத் தங்கள் குழுவுக்கு "எங்கிருந்தும் வராத மன்றம்" என்ற அர்த்தத்தில் பெயர் வைத்தார். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் "எங்கிருந்தும் இல்லை" என்று பொய் சொல்லாமலே பதில் சொல்லலாம் பாருங்கள்.

அட்லாண்டால எங்க போகலாம்? பழைய கடையா சொல்லுங்க.

பிஸி பீ கஃபே. 1947இல் லூசி ஜாக்சன் என்ற பெண்மணி தொடங்கியது, மார்ட்டின் லூதர் கிங் ஜூனியர் டிரைவில் இருக்கிறது. 2022இல் உணவகங்களுக்கு விருது தரும் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளையின் அமெரிக்காஸ் கிளாசிக்ஸ் விருது வாங்கியது. இடம் சின்னது, காத்திருக்க வேண்டிவரும். பாஸ்கல்ஸ் உணவகமும் 1947தான். ஜேம்ஸ், ராபர்ட் என்ற பாஸ்கல் சகோதரர்கள் தொடங்கியது. கறுப்பின உரிமைப் போராட்டத்தின்போது தலைவர் கிங்கும் அவர் தோழர்களும் கூடிப் பேசிய இடம். போராட்டத்தில் கைதாகி வெளியே வந்த மாணவர்கள் பெற்றோரைச் சந்திக்கும் இடமாகவும் இருந்தது. இப்போது வேறு கட்டடத்தில், விசாலமாக நடக்கிறது. ஊரிலிருந்து வந்த பெரியவர்களோடு போவதானால் பாஸ்கல்ஸ் வசதி.

வெளியூர்ப் பயணத்தில் இருந்தால் மெம்ஃபிஸில் 1946 முதல் நடக்கும் தி ஃபோர் வே, நியூ ஆர்லியன்ஸில் 1941இல் தொடங்கிய டூக்கி சேஸ். இரண்டாவது கிரியோல் பக்கம் சாய்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஃப்ரீ. அன்னிக்குப் போகட்டுமா?

சர்ச் விட்டதும் ஊரே அங்கேதான் இருக்கும். பளபளக்கும் தொப்பிகளும் கோட்டு சூட்டும் பார்க்க அழகு; பசியோடு குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒருமணி நேரம் நிற்பது அழகில்லை. பதினொன்றரைக்கு முன்னால் போய்விடுங்கள், அல்லது வாரநாள் மத்தியானம் போங்கள். திங்கட்கிழமை மூடும் கடைகள் அதிகம். மாலை ஆறு மணிக்குப் போனால் மாட்டு வால் தீர்ந்திருக்கும். ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டே கிளம்புங்கள்.

கவுன்ட்டர்ல நானே தட்டை எடுத்துக்கிறேன், அதுக்கும் டிப்ஸா?

மேஜையில் பரிமாறினால் பில்லில் 18 முதல் 20 சதவீதம். மத்திய அரசு டிப்ஸ் வாங்கும் ஊழியர்களுக்கு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர், 1991இலிருந்து மாறவே இல்லை. ஜார்ஜியாவிலும் அதே நிலை. மிச்சத்தை டிப்ஸ்தான் நிரப்பவேண்டும். நீங்களே தட்டெடுக்கும் கடை என்றால் ஜாடியில் ஒன்றிரண்டு டாலர் போதும். ஸ்வீட் டீயை (சர்க்கரை போட்ட ஐஸ் டீ) மறுபடி மறுபடி நிரப்பிக் கொடுப்பவர் இருந்தால் கூடப் போடுங்கள்.

அப்பாவுக்குச் சுகர், அம்மாவுக்கு பி.பி. கூட்டிட்டுப் போகலாமா?

போகலாம், தேர்ந்தெடுத்துச் சாப்பிடவேண்டும். முதல் எதிரி ஸ்வீட் டீ, பாகு மாதிரி இனிக்கும். "அன்ஸ்வீட்" என்று அழுத்திச் சொல்லுங்கள். கேண்டிட் யாமை நீங்கள் வாங்கி அப்பாவுக்கு ஒரு துண்டு கொடுங்கள். பல கடைகளில் பொரிக்காமல் ஓவனில் சுட்ட கோழியும் உண்டு. அம்மாவுக்கு உப்புதான் பிரச்சினை, அது குழம்பிலும் கீரைத் தண்ணீரிலும் இருக்கிறது: குழம்பைத் தனியாகக் கேளுங்கள், கீரையை வடித்துப் போடச் சொல்லுங்கள். தட்டு எப்படியும் இரண்டு பேருக்கு வரும். பாதியை டப்பாவில் கட்டச் சொல்வது கௌரவக் குறைச்சல் இல்லை, பக்கத்து மேஜையிலும் அதுதான் நடக்கும்.

ஆபீஸ்ல கறுப்பின நண்பர் ஒருத்தர் இருக்கார். "உங்க ஊரு சிக்கன் சாப்பிடப் போலாமா"ன்னு கேட்கலாமா?

கோழியைச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். பொரித்த கோழியையும் தர்ப்பூசணியையும் வைத்துக் கறுப்பினத்தவரைக் கேலிச்சித்திரமாக வரைந்து அவமானப்படுத்திய வரலாறு இங்கே நூறு வருடத்துக்கு மேல் நீளமானது. நீங்கள் ஆசையாகச் சொல்வது அவர் காதில் வேறு மாதிரி விழலாம். அவர் சிகாகோக்காரராகவோ, ஜமைக்கா குடும்பமாகவோ, சைவமாகவோ கூட இருக்கலாம். "மதியம் சாப்பிடப் போகலாமா, உங்களுக்கு எந்தக் கடை பிடிக்கும்?" என்று கேளுங்கள். அவரே சோல் ஃபுட் கடைக்குக் கூட்டிப்போனால் அவர் வாங்குவதையே நீங்களும் வாங்குங்கள். அப்புறம் "எங்க வீட்டில் பாட்டி செய்வதுபோல இல்லை" என்று அவர் சொல்வார், நிச்சயம் சொல்வார். தலையாட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிப்பு எது? வயித்துல இடமே இல்லை.

பீச் காப்ளர், அதாவது பீச் பழத்தின் மேல் மாவு போட்டு ஓவனில் சுட்டது. ஜார்ஜியாவில் அதுவும் பீச் பருவத்தில் வேறு பதில் கிடையாது. குளிர்காலம் என்றால் சர்க்கரைவள்ளிக்கிழங்கு பை. குழந்தைகளுக்கு பனானா புட்டிங். இடமில்லை என்றால் பார்சல் கட்டச் சொல்லுங்கள். காப்ளரை மறுநாள் காலை ஓவனில் சூடு பண்ணுங்கள், மைக்ரோவேவில் வைத்தால் மேல்மாவு சொதசொதத்துவிடும்.